எழும் கணத்தில் தெரியும் கோளாறுகள்: ஹெலிகாப்டர் புறப்பாட்டுக்கு அறிகுறிவாரியான வழிகாட்டி

சிங்கப்பூரின் சிலேத்தார் விமான நிலைய ஹேங்கர்களில் புதிதாகச் சேரும் நம் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், விமானிகள் இறங்கி வந்து சொல்லும் ஒரே மாதிரியான புகார்களையும் வைத்து இதை எழுதுகிறேன். புறப்படும்போது நேரும் விபத்துக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படுவதில்லை. ஆனால் தரையைவிட்டு மூன்றடி, ஐந்தடி உயரத்தில் ஹெலிகாப்டர் நின்று மிதக்கும் அந்தச் சில நொடிகளில், பின்னால் பெரிதாக வெடிக்கப்போகிற கோளாறு பல நேரங்களில் சிறியதாகத் தலைகாட்டுகிறது. அதைக் கண்டதும் இயந்திரத்தைத் தரையில் வைத்துவிடுவதுதான் எல்லா அறிகுறிகளுக்கும் பொதுவான முதல் படி.

சோதனையை எளிய காரணத்திலிருந்து தொடங்குங்கள். செலவு பிடிக்கும் காரணத்துக்குப் பிறகு போகலாம். ஆனால் எளிய காரணம் ஒன்று கிடைத்துவிட்டது என்பதற்காக அங்கேயே நின்றுவிடாதீர்கள். கண்ட காரணம் விமானி சொன்ன அறிகுறியை முழுவதுமாக விளக்க வேண்டும். பாதியை மட்டும் விளக்கினால் வேலை முடியவில்லை என்று பொருள். பார்த்ததை டெக் லாக்கில், அதாவது இயந்திரத்தின் பராமரிப்புப் பதிவேட்டில், எழுதுங்கள். வாய்ப்பேச்சாகச் சொல்லிவிட்டுப் போன கோளாறு அடுத்த ஷிப்டுக்கு வந்து சேராது. கீழே வரும் அளவுகள் பொதுவானவை. உங்கள் இயந்திரத்துக்கான வரம்பு அதன் பராமரிப்புக் கையேட்டில் இருப்பதுதான்.

அறிகுறி: கலெக்டிவை (மேலெழுப்பும் நெம்புகோலை) உயர்த்தியும் எழ மறுக்கிறது, அல்லது டார்க் (எஞ்சின் தரும் முறுக்குவிசை) வழக்கத்தைவிட அதிகமாகக் காட்டுகிறது

முதலில் எடையைப் பாருங்கள். லோடு ஷீட்டில் எழுதியிருப்பதும் உள்ளே ஏறியிருப்பதும் ஒன்றாக இருக்கிறதா என்று பைகளைத் தூக்கிப் பார்த்தே உறுதி செய்யுங்கள். எரிபொருளை லிட்டரில் நிரப்பிக் கிலோவில் எழுதும்போது நேரும் கணக்குப் பிசகும் இங்கேதான் தெரியவரும்.

அடுத்தது வெப்பம். கடல்மட்டத்தில் 15 டிகிரி என்ற நிலையைத்தான் செயல்திறன் அட்டவணைகள் அடிப்படையாகக் கொள்கின்றன. நம் ஊரில் பிற்பகலில் 32 டிகிரி இருக்கும்போது, கூடுதலான ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 120 அடி என்று கணக்கிட்டால், கடலோரத்தில் இருக்கும் சிலேத்தார் ஓடுபாதையிலேயே ஹெலிகாப்டர் ஏறத்தாழ 2,000 அடி உயரத்தில் இருப்பது போன்ற மெலிந்த காற்றில் வேலை செய்கிறது. ஈரப்பதம் அதை இன்னும் கொஞ்சம் மோசமாக்குகிறது. காலை ஏழு மணிக்கு எழுந்த அதே சுமை மதியம் இரண்டு மணிக்கு எழவில்லை என்றால், எஞ்சினைத் திறப்பதற்கு முன் வெப்பமானியைப் பாருங்கள். பின்காற்றில் எழ முயன்றார்களா, ஏர்கான் ஓடிக்கொண்டிருந்ததா என்பதையும் விமானியிடம் கேட்டுவிடுங்கள்.

இவை எதுவும் விளக்காவிட்டால் கம்ப்ரஸரைப் பாருங்கள். கடலுக்கு மேல் பறந்து திரும்பும் இயந்திரங்களில் உப்புப் படிவதும், அதனால் எஞ்சினின் வெப்பநிலை அதே டார்க்குக்குச் சிறிது சிறிதாக ஏறிக்கொண்டு போவதும் வழக்கம். கம்ப்ரஸரைக் கழுவிவிட்டு மீண்டும் பவர் செக், அதாவது எஞ்சின் திறன் சோதனை, செய்யுங்கள். பழைய பவர் செக் எண்களை ஒரே தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தால், மெதுவான சரிவா திடீர் வீழ்ச்சியா என்று உடனே புரியும். மெதுவான சரிவு பெரும்பாலும் அழுக்கு. திடீர் வீழ்ச்சி என்றால் ஏதோ உடைந்திருக்கலாம், கசியலாம், அல்லது அளவியே தவறாகக் காட்டலாம். இரட்டை எஞ்சின் இயந்திரத்தில் இரு பக்கத்தையும் ஒப்பிட்டால் அளவியின் பிழை சீக்கிரம் வெளிப்பட்டுவிடும்.

கழுவிய பிறகும் பவர் செக் கையேட்டு வரம்புக்குக் கீழே இருந்தால் அத்துடன் உங்கள் வேலை முடிந்தது. எஞ்சினுக்குள் நுழைத்துப் பார்க்கும் போரோஸ்கோப்பும் சூடான பகுதியின் ஆய்வும் எஞ்சின் பணிமனையைச் சேர்ந்தவை.

அறிகுறி: ஒரு பக்கம் மட்டும் எழுகிறது, மறுபக்கம் தரையோடு ஒட்டிக்கொள்கிறது

இந்த அறிகுறியில் ஆராய்ச்சிக்கு நேரமில்லை. ஒரு ஸ்கிட் (சக்கரத்துக்குப் பதிலாக இருக்கும் தாங்கு குழாய்) தரையில் சிக்கியிருக்க, அதையே அச்சாகக் கொண்டு ஹெலிகாப்டர் உருளத் தொடங்கினால், பல இயந்திரங்களில் 5 முதல் 8 டிகிரிக்குள்ளாகவே சைக்ளிக்கால் (சாய்வைக் கட்டுப்படுத்தும் பிடியால்) அதை மீட்க முடியாத நிலை வந்துவிடுகிறது. நின்ற நிலையில் அந்த இயந்திரம் அதைவிட அதிகமாகச் சாய்ந்தாலும் கவிழாது என்பதால், இவ்வளவு சிறிய சாய்வு என்ன செய்துவிடும் என்று நினைக்கத் தோன்றும். உருளும் வேகம்தான் வித்தியாசத்தை உண்டாக்குகிறது. விமானி செய்ய வேண்டியது கலெக்டிவைச் சீராகக் கீழே இறக்குவது. எதிர்ப்பக்கம் சைக்ளிக்கைத் தள்ளிக்கொண்டே கலெக்டிவையும் உயர்த்தினால் கவிழ்வது விரைவாகும்.

தரையில் வைத்த பிறகு பாருங்கள். கட்டியிருந்த பட்டை ஏதாவது அவிழ்க்கப்படாமல் இருக்கிறதா? இழுத்துவரப் பயன்படுத்திய சக்கரம் ஒரு பக்கம் கழற்றப்படாமல் இருக்கிறதா? ஹெலிடெக்கில் (கடல் தளத்தின் இறங்குமேடையில்) என்றால் வலையில் ஸ்கிட்டின் நுனி மாட்டியிருக்கிறதா? வடகிழக்குப் பருவமழைக்குப் பின் புல்தரையில் நிறுத்திய இயந்திரத்தின் ஸ்கிட் செம்மண்ணில் புதைந்திருக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது, குனிந்து பக்கவாட்டில் பார்த்தால் ஸ்கிட்டின் அடிப்பாகம் மண்ணுக்குள் இருப்பது தெரியும். எல்லோரும் ஒரே பக்கம் அமர்ந்திருந்தாலும், ஒரு பக்கத் தொட்டியில் மட்டும் எரிபொருள் மிகுந்திருந்தாலும் இதே அறிகுறிதான் வரும்.

தரையிலும் சுமையிலும் குற்றமில்லை என்றால் ஸ்கிட்டை இணைக்கும் குறுக்குக் குழாய் வளைந்திருக்கிறதா என்று இரு பக்க உயரத்தையும் அளந்து பாருங்கள். வேறுபாடு வரம்பைத் தாண்டினாலோ, சைக்ளிக் நடுவில் இருக்கும்போது ரோட்டர் தட்டு நடுவில் இல்லாவிட்டாலோ, ரிக்கிங் (கட்டுப்பாட்டு இணைப்புகளைச் சீரமைத்தல்) செய்ய உரிமம் பெற்ற பொறியாளர் வரும்வரை இயந்திரத்தை எடுக்கக் கூடாது.

அறிகுறி: தரையிலேயே குலுங்குகிறது

எந்த வேகத்தில் குலுங்குகிறது என்று முதலில் கேளுங்கள். ‘அதிருது’ என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு எதையும் கண்டுபிடிக்க முடியாது. எச்125 வகை ஹெலிகாப்டரில் தலைக்கு மேல் சுழலும் மெயின் ரோட்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 390 சுற்றுகள் சுழல்கிறது, அதாவது நொடிக்கு ஆறரை. உடம்பு மேலும் கீழுமாகவோ பக்கவாட்டிலோ ஆடுவதை எண்ணிவிட முடிகிறதென்றால் மெயின் ரோட்டரைப் பாருங்கள். அதே இயந்திரத்தின் வாலில் உள்ள டெயில் ரோட்டர் நிமிடத்துக்கு 2,000 சுற்றுகளுக்கு மேல் ஓடுகிறது. அதன் அதிர்வை எண்ண முடியாது, மூக்கைத் திருப்பும் பெடலில் வைத்த பாதத்தில் மரத்துப்போகிற மாதிரியான நடுக்கமாகத் தெரியும்.

மெதுவான அதிர்வுக்கு எளிய காரணங்கள்: பிளேடில் தண்ணீர் புகுந்திருப்பது, முனை மூடி தளர்ந்திருப்பது, விளிம்பு நாடா உரிந்திருப்பது. பிறகு டிராக் அண்ட் பேலன்ஸ், அதாவது பிளேடுகளின் சுழல்தளத்தையும் சமநிலையையும் சரிபார்த்தல். நடுக்கத்துக்கு டெயில் ரோட்டர் பிளேடுகளையும் டிரைவ் ஷாஃப்ட்டின் தாங்கு பேரிங்குகளையும் பாருங்கள்.

மூன்றாவது வகை ஒன்று உண்டு. இயந்திரம் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முந்தையதைவிட அதிகமாக ஆடினால் அது தரை அதிர்வு ஒத்திசைவு. சக்கரத்தில் காற்று குறைந்திருப்பதும், ஓலியோ (சக்கரக் காலின் அதிர்வுதாங்கி) தணிந்திருப்பதும், பிளேடு டேம்பர் (பிளேடின் ஆட்டத்தைத் தணிக்கும் பாகம்) பழுதானதும் அதற்கு வழிவிடுகின்றன. சில நொடிகளில் ஹெலிகாப்டர் தன்னைத்தானே சிதைத்துக்கொள்ளும். ரோட்டர் பறக்கும் வேகத்தில் இருந்தால் விமானி உடனே தரையைவிட்டு மேலே எழுப்பிவிட வேண்டும். தரைத் தொடர்பு அறுந்ததும் ஆட்டம் அடங்கும். வேகம் அதற்குக் குறைவாக இருந்தால் கலெக்டிவைக் கீழே இறக்கி எஞ்சினை அணைக்க வேண்டும். இது ஒரு முறை நிகழ்ந்த இயந்திரத்தை, காற்றடித்துவிட்டோம் சரியாகிவிட்டது என்று விடாதீர்கள். டேம்பர், கியர்பாக்ஸ் தாங்கிகள், டெயில் பூம் (வால்தண்டு) இணைப்பு ஆகியவற்றைக் கையேடு சொல்லும் சிறப்பு ஆய்வுக்கு உட்படுத்த வேண்டும்.

அறிகுறி: மூக்கு தானாகத் திரும்புகிறது

இங்கே சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது. புறப்பாட்டு விபத்துகளில் என்னை அதிகம் கவலைப்படுத்துவது இந்த அறிகுறிதான்.

முதலில் திசையைக் குறித்துக்கொள்ளுங்கள். மேலிருந்து பார்க்கும்போது மெயின் ரோட்டர் இடஞ்சுழியாகச் சுழலும் அமெரிக்க, இத்தாலிய வகைகளில் டெயில் ரோட்டரின் உந்துதல் குறைந்தால் மூக்கு வலப்பக்கம் போகும். ஏஎஸ்350, எச்125 போன்ற வலஞ்சுழி வகைகளில் இடப்பக்கம் போகும். விமானி சொல்லும் திசை இதற்கு எதிரானது என்றால் உந்துதல் குறையவில்லை, கூடியிருக்கிறது. தேட வேண்டிய இடம் வேறு.

*பெடல் இயல்பாக இருந்தது, காற்றுதான் என்று விமானி சொல்கிறார்*

அவர் சொல்வது உண்மையாக இருக்கலாம். சில கோணங்களில் வரும் காற்றில் டெயில் ரோட்டரின் பிடி தளர்வது எல்லோரும் அறிந்ததே. ஆனால் காற்று என்ற விளக்கத்தைச் சரிபார்க்காமல் ஏற்கக் கூடாது என்பதற்கு வடகடலில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்கிறேன். 2016 டிசம்பர் 28 அன்று எஸ்-92 ஹெலிகாப்டர் ஒன்று எண்ணெய்த் தளம் ஒன்றிலிருந்து எழும்போது எதிர்பாராமல் வலப்பக்கம் திரும்பியது. தளக் கட்டமைப்பைச் சுற்றி வரும் காற்றின் வேலை என்று எண்ணி விமானிகள் மீண்டும் புறப்பட்டார்கள். வெஸ்ட் ஃபிராங்க்ளின் என்ற அடுத்த தளத்தில் இறங்கும்போது ஹெலிகாப்டர் கட்டுக்கடங்காமல் சுழன்று, சக்கரங்கள் ஹெலிடெக்கைக் கீறிப் பள்ளமாக்கின. யாருக்கும் காயமில்லை. டெயில் ரோட்டர் பிளேடுகளின் பிட்ச்சை (சாய்கோணத்தை) மாற்றும் தண்டின் பேரிங் சிதைந்திருந்தது. அதிர்வுகளைப் பதியும் ஹம்ஸ் கருவி அந்தப் பேரிங்கின் சீர்கேட்டை முந்தைய நாளே பதிந்திருந்தது. அந்தத் தரவைப் பார்த்தவர்களின் கண்ணில் அது படவில்லை.

ஆகவே காற்று என்று சொல்லப்படும்போது இவற்றைச் செய்யுங்கள். அந்த நேரத்துக்கான காற்றின் திசையையும் வேகத்தையும் கோபுரத்திலிருந்து கேட்டு வாங்குங்கள். அந்தத் திசைக் காற்று அந்தப் பக்கம் திருப்பியிருக்குமா என்று பாருங்கள். ஹம்ஸ் இருந்தால், மறுநாளுக்கு விடாமல் அப்போதே தரவை இறக்கி, எச்சரிக்கை எண்களை மட்டும் நம்பாமல் வரைபடத்தையும் பாருங்கள். எஞ்சின் நின்ற பிறகு டெயில் ரோட்டரைக் கையால் தொட்டுச் சோதியுங்கள்.

*பெடல் கனமாக இருந்தது*

ஹைட்ராலிக் அழுத்தம் போயிருக்கிறது. ஆனால் அதைப் போக்கியது கசிவா, பம்பா, சுவிட்சா? சுவிட்சிலிருந்து தொடங்குங்கள். 2015 ஜூலை 3 அன்று அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து ஃபிரிஸ்கோவில், மருத்துவமனை ஹெலிபேடிலிருந்து எழுந்த ஏஎஸ்350 பி3இ வகை மருத்துவ ஹெலிகாப்டர் இடஞ்சுழியாகச் சுழன்று 32 நொடிகளில் வாகன நிறுத்துமிடத்தில் விழுந்தது. விமானி இறந்தார், இரண்டு தாதியர் படுகாயமடைந்தார்கள். புறப்படும் முன் செய்யும் ஹைட்ராலிக் சோதனையே டெயில் ரோட்டர் சுற்றின் அழுத்தத்தைத் தீர்த்துவிட்டது என்றும், அழுத்தம் திரும்பவில்லை என்பதை விமானிக்கு எடுப்பாகத் தெரிவிக்கும் எச்சரிக்கை அந்த வடிவமைப்பில் இல்லை என்றும் அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டறிந்தது. ஹோவரில் (தரைக்கு மேல் மிதக்கும் நிலையில்) நிறுத்திச் சோதிக்காமல் நேரே எழுந்ததையும் அது துணைக் காரணமாகச் சொன்னது.

இதிலிருந்து தொழில்நுட்பருக்குக் கிடைக்கும் வேலை தெளிவானது. பெடல் கனம் என்ற புகார் வந்தால் சோதனை வரிசையை விமானியோடு உட்கார்ந்து ஒவ்வொரு சுவிட்சாக நடத்திப் பாருங்கள். சுவிட்சுகள் சரி என்றால் திரவ அளவு, வடிகட்டியின் குறிகாட்டி, பம்பை ஓட்டும் பெல்ட் என்ற வரிசையில் போங்கள். செர்வோ (விமானியின் அசைவுக்கு ஹைட்ராலிக் வலு சேர்க்கும் பாகம்) கசிந்தாலோ உள்ளே சிக்கினாலோ பிரித்துப் பார்க்காதீர்கள்; முத்திரையோடு கழற்றி அதற்குரிய பணிமனைக்கு அனுப்புங்கள்.

*பெடல் லேசாக நகர்கிறது, இயந்திரம் கேட்கவில்லை*

இணைப்பு எங்கோ அறுந்திருக்கிறது அல்லது அறுந்துகொண்டிருக்கிறது. எஞ்சினை ஓட்டிச் சோதிக்கக் கூடாது. ஒருவர் பெடலை மெதுவாக நகர்த்த, மற்றொருவர் டெயில் பூம் நெடுக ஒவ்வொரு மூடியாகத் திறந்து, அசைவு எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று பின்தொடர வேண்டும். நட்டும் போல்ட்டும் இருக்கும் ஒவ்வொரு மூட்டிலும் ஸ்பிளிட் பின் (நட்டு கழலாமல் தடுக்கும் இருகால் ஊசி) இருக்கிறதா, அதன் கால்கள் வளைக்கப்பட்டிருக்கின்றனவா என்று கண்ணாடி வைத்துப் பாருங்கள். 2011 டிசம்பர் 7 அன்று நெவாடா மாநிலத்தில் சுற்றுலா ஏஎஸ்350 ஒன்று விழுந்து ஐவரும் இறந்தது டெயில் ரோட்டரால் அல்ல, மெயின் ரோட்டர் செர்வோவின் இணைப்பு கழன்றதால். தேய்ந்துபோன சுயபூட்டு நட்டை மறுபடி பயன்படுத்தியதும் ஸ்பிளிட் பின் சரியாக இடப்படாததும் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டன. சுயபூட்டு நட்டைக் கையால் சுழற்றிப் பாருங்கள். விரல்பலத்தில் போல்ட்டின் புரி முழுவதும் ஓடிவிட்டால் அதற்குப் பூட்டும் திறன் போய்விட்டது, தூர எறியுங்கள்.

*டெயில் ரோட்டரைத் தொட்டுச் சோதித்தல்*

எஞ்சின் நின்று, ரோட்டர் பிரேக் இட்ட பின், பிட்ச் மாற்றும் தட்டை இரு கையாலும் பிடித்து உள்ளும் வெளியுமாக இழுத்துத் தள்ளுங்கள். தளர்வு விரலுக்குத் தெரிந்தால் டயல் கேஜை வைத்து அளவெடுங்கள். பிறகு பிரேக்கை விடுவித்து மெதுவாகச் சுழற்றும்போது கரகரப்போ ஓரிடத்தில் தடங்கலோ இருக்கிறதா என்று கவனியுங்கள். காதைவிட உள்ளங்கைக்கு இது நன்றாகத் தெரியும். கசிந்த கிரீஸை வெள்ளைத் துணியில் ஒற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். புதிய கிரீஸ் தேய்த்தால் மென்மையாகப் பரவும். உழைத்துக் கெட்டுப்போனது கருத்து, காய்ந்து, துணியில் திட்டாக நிற்கும். அதில் மினுக்கும் துகள் இருந்தால் மேலும் பார்க்க வேண்டியதில்லை, பேரிங்கைக் கழற்றுங்கள்.

ஒரு பேரிங்குக்கு இத்தனை பாடா என்று கேட்பவர்களுக்கு லெஸ்டரை நினைவூட்டுகிறேன். 2018 அக்டோபர் 27 அன்று அந்நகரக் கால்பந்து அரங்கின் நடுவிலிருந்து எழுந்த ஏடபிள்யூ169 ஹெலிகாப்டர் சுமார் 430 அடி உயரம் வரை ஏறி, வலப்பக்கம் கட்டுக்கடங்காமல் சுழன்று விழுந்தது. லெஸ்டர் சிட்டி குழுவின் தாய்லாந்து உரிமையாளர் விச்சாய் ஸ்ரீவத்தனபிரபா உள்ளிட்ட ஐவரும் இறந்தார்கள். டெயில் ரோட்டரின் சுழலும் பகுதியையும் சுழலாத கட்டுப்பாட்டுத் தண்டையும் பிரித்துவைக்கும் இரட்டைப் பேரிங் சிக்கிக்கொண்டதால், சுழலக் கூடாத தண்டு ரோட்டரோடு சேர்ந்து சுழன்றது. மறுமுனையிலிருந்த இணைப்பு விடுபட்டு, பெடலுக்கும் பிளேடுக்கும் தொடர்பே இல்லாமல் போயிற்று. கிரீஸ் கெட்டிருந்தது, வடிவமைப்பில் எதிர்பார்த்ததைவிட அதிகமான சுமையைப் பேரிங் தாங்கியிருந்தது. விமானிக்கு முன்னறிகுறி எதுவும் கிடைக்கவில்லை. அவரால் செய்யக்கூடியதும் எதுவும் இருக்கவில்லை. எஸ்-92க்குக் கிடைத்த அந்த ஒரு திரும்பல் எத்தனை பெரிய கொடை என்பதை இதோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் விளங்கும்.

தளர்வு வரம்பைத் தாண்டினால், கரகரப்பு தெரிந்தால், கிரீஸில் உலோகம் இருந்தால், ‘இன்னும் ஒரு பறப்பு’ என்று யார் கேட்டாலும் கையெழுத்திடாதீர்கள். ‘கேப்டன், இந்த இயந்திரத்தை நான் விட மாட்டேன்’ என்று மரியாதையாகவும் தெளிவாகவும் சொல்லுங்கள். உரிமம் அதற்குத்தான் கொடுக்கப்பட்டிருக்கிறது.

அறிகுறி: சிப் விளக்கு எரிகிறது

எண்ணெயில் வரும் உலோகத் துகள் காந்தப் பிளக்கில் சேர்ந்தால் எரியும் விளக்கு இது. இணைப்பானில் ஈரம் ஏறிப் பொய்யாக எரிவது நம் ஊர் ஈரப்பதத்தில் நடப்பதுதான். ஆனால் பிளக்கைக் கழற்றிப் பார்க்காமல் அது பொய் என்று யாராலும் சொல்ல முடியாது.

பிளக்கைக் கழற்றியதும் துடைத்துவிடாதீர்கள். காந்த நுனியை முதலில் படமெடுங்கள். பிறகு சுத்தமான எண்ணெய் நீக்கியில் அலசி, வடிகட்டித் தாளில் தட்டி, உருப்பெருக்கியில் பாருங்கள். மீசைமயிர் போன்ற மெல்லிய கருந்தூள் பழகும் கியரிலிருந்து வருவது. சுத்தம் செய்து, கையேடு சொல்லும் நேரம் ஓட்டி, மீண்டும் பார்க்கலாம். தட்டையான செதில், ஒரு பக்கம் பளபளப்பாகவும் மறுபக்கம் சொரசொரப்பாகவும் இருந்தால் அது பேரிங்கின் அல்லது பல்சக்கரத்தின் மேல்தோல் உரிந்து வந்தது. அளவு சிறியது என்பதால் விட்டுவிட முடியாது. ஆய்வகத்துக்கு அனுப்பி எந்த எஃகு என்று கண்டறிந்தால்தான் எந்தப் பாகம் என்று தெரியும்.

2009 ஏப்ரல் 1 அன்று ஸ்காட்லாந்துக் கடலில் சூப்பர் பூமா ஒன்றின் மெயின் கியர்பாக்ஸ் உடைந்து 16 பேர் இறந்தார்கள். அது புறப்பாட்டில் நிகழ்ந்ததல்ல. ஆனால் அதற்கு ஒரு வாரம் முன், மார்ச் 25 அன்றே, அதன் கியர்பாக்ஸிலிருந்து ஒரு துகள் கிடைத்திருந்தது. ஹேங்கருக்கும் உற்பத்தியாளருக்கும் இடையே நடந்த உரையாடலில் ஏற்பட்ட புரிதல் பிசகால், செய்ய வேண்டிய உள்ஆய்வு முழுமையாகச் செய்யப்படவில்லை. ஆகவே உற்பத்தியாளரிடம் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு வேலையைத் தொடராதீர்கள். துகளின் படம், அளவு, எந்தப் பிளக்கில் கிடைத்தது என்பதை எழுத்தில் அனுப்பி, எழுத்தில் பதிலைப் பெற்று, அந்தப் பதிலைப் பணித்தாளோடு இணைத்துவிடுங்கள். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: 2016 ஏப்ரல் 29 அன்று நார்வேயின் துரோய் தீவருகே எச்225 ஒன்றின் கியர்பாக்ஸ் பல்சக்கரம் உடைந்து 13 பேர் இறந்தபோது சிப் விளக்கு எரியவே இல்லை. விளக்கு எரியாதது நலத்துக்குச் சான்று அல்ல.

அறிகுறி: எழும்போது ரோட்டர் வேகம் குறைந்து ஹாரன் ஒலிக்கிறது

முதலில் எரிபொருள் வடிகாலில் ஒரு குவளை பிடித்துத் தண்ணீர் அடியில் நிற்கிறதா என்று பாருங்கள். பாதி நிரம்பிய தொட்டியோடு இரவெல்லாம் வெளியில் நின்ற இயந்திரத்தில் இது முதல் சந்தேகம். அடுத்து வடிகட்டி, பிறகு காற்று நுழையும் வாயில் ஒட்டியிருக்கும் துணி அல்லது மூடி. இவை சரியாக இருந்தால் எரிபொருள் கட்டுப்பாட்டுக் கருவியின் பிழைக் குறியீடுகளை இறக்கி எஞ்சின் பணிமனையிடம் கொடுங்கள். அந்தக் கருவியை ஹேங்கரில் சரிசெய்ய முயலக் கூடாது.

விபத்து நிகழ்ந்துவிட்டது

முதல் வேலை உயிர். 995ஐ அழைத்துவிட்டு, குடிமைத் தற்காப்புப் படையினர் வரும்போது எரிபொருள் வால்வு, பேட்டரி சுவிட்சு, வெடிக்காமல் கிடக்கும் மிதவைக் காற்றுக்குடுவை, அழுத்தம் தீராத அக்யுமுலேட்டர் (ஹைட்ராலிக் அழுத்தத்தைச் சேமிக்கும் குடுவை) ஆகியவை எங்கே இருக்கின்றன என்று காட்ட, அந்த வகையை அறிந்த ஒருவர் வாயிலில் நிற்க வேண்டும். எரிந்த கார்பன் பிளேடின் தூசி நுரையீரலுக்குக் கேடு. முகக்கவசம் இல்லாமல் யாரும் நெருங்க வேண்டாம்.

ஆட்களை மீட்ட பிறகு எதையும் தொடாதீர்கள். சிங்கப்பூரில் இந்த விசாரணை போக்குவரத்து அமைச்சின்கீழ் இயங்கும் போக்குவரத்துப் பாதுகாப்புப் புலனாய்வுப் பிரிவைச் சேர்ந்தது. விமான விபத்துகளுக்கென்று 2002இல் தொடங்கிய அலுவலகம், 2016இல் கடல்சார் விபத்துகளையும் சேர்த்துக்கொண்டு இந்தப் பெயர் பெற்றது. யார்மீது குற்றம் என்று தீர்மானிப்பது அதன் நோக்கமன்று. மீண்டும் நிகழாமல் தடுப்பதே நோக்கம். அனைத்துலகக் குடிமை விமானப் போக்குவரத்து ஒப்பந்தத்தின் 13ஆம் இணைப்பின்படி, விபத்து நிகழ்ந்த நாடு விசாரணையை நடத்துகிறது. இயந்திரம் பதிவான நாடும் அதை இயக்கியவரின் நாடும் வடிவமைத்த, உற்பத்தி செய்த நாடுகளும் தங்கள் பிரதிநிதிகளை அனுப்பலாம். 30 நாளுக்குள் முதற்கட்ட அறிக்கை வர வேண்டும். முழு அறிக்கைக்கு 12 மாதம் இலக்கு. லெஸ்டர் அறிக்கை 2023 செப்டம்பரில்தான் வெளியானது, ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு. ஆகவே உங்களிடம் உள்ள சான்றுகள் ஐந்து ஆண்டுகள் தாங்கும்படி வைக்கப்பட வேண்டும்.

நீங்கள் அன்றே செய்யக்கூடியவை சில உண்டு. டெக் லாக்கையும் பணித்தாள்களையும் பூட்டிவையுங்கள். விடுபட்ட கையெழுத்தை இப்போது போட்டு நிரப்புவது சான்றை அழிப்பதற்குச் சமம். கடைசியாக நிரப்பிய எரிபொருள் வண்டியை நிறுத்திவைத்து அதிலிருந்து மாதிரி எடுங்கள். ஹம்ஸ் தரவு எந்தக் கணினியில் இருக்கிறதோ அதை மேற்கொண்டு பயன்படுத்தாதீர்கள். வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாக, ஒருவரோடு ஒருவர் ஒப்பிடாமல், நினைவில் இருப்பதை அன்றே எழுதிவைக்கட்டும். விமானப் பதிவுக் கருவிக்கு மின்சாரம் கொடுத்துப் பார்க்கும் ஆசை வேண்டாம். பழைய குரல்பதிவின்மேல் புதியது ஏறிவிடும்.

இடிபாட்டில் தொடக்கூடாதவை எவ்வளவு நுண்ணியவை என்பதற்கு ஒன்று சொல்கிறேன். பழைய வகை எச்சரிக்கைப் பலகையில் ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னும் ஒரு குமிழ்விளக்கு இருக்கும். மோதும் கணத்தில் எரிந்துகொண்டிருந்த விளக்கின் இழை சூட்டில் இளகி நீண்டுவிடும். அணைந்திருந்ததன் இழை சுருள் குலையாமல் இருக்கும் அல்லது ஒடிந்துபோயிருக்கும். ஹைட்ராலிக் எச்சரிக்கை வந்ததா இல்லையா என்ற கேள்விக்குப் பதில் அந்த மயிரிழையில் இருக்கக்கூடும். பலகையை யாராவது எடுத்து மேசைமேல் போட்டால் அந்தப் பதிலும் போகும். தீ இதைவிடப் பெரிய எதிரி. 2014 மார்ச் 18 அன்று சியாட்டில் நகரில் ஹெலிபேடிலிருந்து எழுந்த ஏஎஸ்350 பி2 விழுந்து இருவர் இறந்தபோது, ஹைட்ராலிக் உதவி போனது என்பதுவரை விசாரணையாளர்கள் எட்டினார்கள். அது ஏன் போனது என்பதைக் கண்டறியத் தேவையான பாகங்களைத் தீ அழித்துவிட்டிருந்தது.

புலனாய்வாளர் வந்ததும் பட்டியலிட்டு ஒப்படைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒப்புகைச் சீட்டுப் பெறுங்கள். இடிபாட்டை அவர்கள் எழுத்தில் விடுவிக்கும்வரை காப்புறுதி நிறுவனத்தார் வந்து கேட்டாலும் ஒரு திருகைக்கூடக் கழற்றிக் கொடுக்காதீர்கள்.

அதே வகை இயந்திரம் இன்னொன்று உங்கள் ஹேங்கரில் நின்றால், அறிக்கைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. லெஸ்டருக்குப் பிறகு 2018 நவம்பரிலேயே ஏடபிள்யூ169, ஏடபிள்யூ189 இரண்டின் டெயில் ரோட்டர் கட்டுப்பாட்டையும் ஆய்வு செய்யும்படி ஐரோப்பிய ஒன்றியத்தின் விமானப் பாதுகாப்பு முகவை அவசர உத்தரவிட்டது. உத்தரவு வருவதற்கு முன்பே சந்தேகத்துக்குரிய பாகத்தை நீங்கள் பார்த்து வைக்கலாம். ஆயுள் முடிந்து கழற்றிய பேரிங்கைக் குப்பைத் தொட்டியில் போடாமல், கிரீஸைத் துடைக்காமல், பறந்த மணிநேரத்தை எழுதிய சீட்டோடு உறையிலிட்டு உற்பத்தியாளருக்கு அனுப்புங்கள். சேவையிலிருந்து கழற்றப்பட்ட பேரிங்குகளைப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் இல்லாததால் அவற்றின் தேய்மானம் வெளியே தெரியாமலே இருந்தது என்பது லெஸ்டர் விசாரணை கண்ட குறைகளில் ஒன்று.